மணப் பத்திரமும் மணமுறிவும்: இங்கிலாந்துச் சட்டம் வந்த வழி

இங்கிலாந்தில் திருமணத்துக்கு முன்பே சொத்தைப் பற்றி எழுதிவைக்கும் வழக்கம் பல நூற்றாண்டுகள் பழமையானது. ஆயினும் அப்பத்திரங்கள் கணவனின் இறப்பை மனத்தில் வைத்து எழுதப்பட்டனவே தவிர, மணமுறிவை எண்ணி எழுதப்பட்டவை அல்ல. கணவன் இறந்தபின் அவனுடைய நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை விதவை தன் ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமை 'டவர்' எனப்பட்டது. மணத்துக்கு முன்பே அவளுக்கெனத் தனியே நிலம் ஒதுக்கப்பட்டிருந்தால் அவ்வுரிமையை அவள் கோர முடியாது என 1536ஆம் ஆண்டுச் சட்டம் விதித்ததால், 'ஜாயின்ச்சர்' என்ற அந்த ஒதுக்கீடு நிலவுடைமைக் குடும்பங்களின் திருமணப் பேச்சில் முதலிடம் பெற்றது.

மணமானதும் பெண்ணின் அசையும் சொத்து கணவனுடையதாகிவிடும் என்பது பொதுச்சட்டத்தின் விதியாக இருந்தமையால், செல்வந்தரான தந்தையர் மகளின் சொத்தை நம்பகமான பொறுப்பாளர்களிடம் ஒப்படைத்து, அதன் பயன் அவளுக்கே சேர வேண்டும் என்று பத்திரம் எழுதினர். பொதுச்சட்டத்தின் கடுமையைத் தணிப்பதற்கென இயங்கிய சான்சரி நீதிமன்றமும் அப்பத்திரங்களைக் காத்தது. மணமான பெண் தன் பெயரிலேயே சொத்து வைத்திருக்கும் முழு உரிமையை 1882ஆம் ஆண்டுச் சட்டம் எல்லாப் பெண்களுக்கும் வழங்கியபோது, இந்த ஏற்பாட்டின் முதன்மையான தேவை மறைந்தது.

இதற்கிடையே 1857ஆம் ஆண்டுச் சட்டம் மணமுறிவை நாடாளுமன்றத்தின் தனிச்சட்டங்களிலிருந்து விடுவித்து நீதிமன்றத்திடம் ஒப்படைத்தது. இரண்டே ஆண்டுகளில், மணமுறிவின்போது பழைய மணப் பத்திரங்களை மாற்றியமைக்கும் அதிகாரமும் நீதிமன்றத்துக்குக் கிடைத்தது. ஆனால் பிற்காலப் பிரிவை முன்னிட்டு எழுதும் ஒப்பந்தம் பிரிவையே தூண்டும் என்றும், ஆகவே அது பொதுக்கொள்கைக்கு, அதாவது சமூக நலன் கருதி நீதிமன்றங்கள் போற்றும் நெறிக்கு, முரணானது என்றும் நீதிபதிகள் கருதியதால் அது செல்லாததாகவே இருந்தது. பிரிந்த வேளையில் எழுதிய பத்திரத்தில் கூடுதல் ஜீவனாம்சம் கேட்கமாட்டேன் என்று மனைவி உறுதியளித்திருந்தாலும், அது நீதிமன்றத்தின் அதிகாரத்தைத் தடுக்காது என 1929இல் பிரபுக்கள் சபை ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. 1973ஆம் ஆண்டுச் சட்டமோ, தம்பதியரின் தேவை, வருவாய் உள்ளிட்ட எல்லாச் சூழல்களையும் எடைபோடும் பொறுப்பை நீதிபதியிடமே விட்டது.

இந்நிலையை மாற்றியது, ஜெர்மானியப் பெண்ணுக்கும் பிரெஞ்சுக் கணவருக்கும் இடையிலான வழக்கொன்றில் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் 2010 அக்டோபரில் வழங்கிய தீர்ப்பு. ஒப்பந்தத்தின் விளைவுகளை முழுமையாக உணர்ந்து இருவரும் தம் விருப்பத்தால் அதில் கையெழுத்திட்டிருந்தால், அதற்கு அவர்களைக் கட்டுப்படுத்துவது அநீதியாகாதவரை நீதிமன்றம் அதைச் செயற்படுத்த வேண்டும் என ஒன்பது நீதிபதிகளில் எண்மர் கூறினர். மாறுபட்ட ஒருவர் அந்த அமர்வின் ஒரே பெண் நீதிபதியான லேடி ஹேல். உரிய சட்ட ஆலோசனையும் சொத்து விவர வெளிப்பாடும் கொண்டு, மணநாளுக்கு 28 நாட்களுக்கு முன்பே எழுதப்படும் ஒப்பந்தத்தை நேரடியாகக் கட்டுப்படுத்துவதாக்கலாம் எனச் சட்ட ஆணையம் 2014இல் பரிந்துரைத்தது. அதன் வரைவு மசோதா நிறைவேற்றப்படவில்லை.

ஆகவே அங்கே இத்தகைய பத்திரம் நிற்பது ஒப்பந்தம் என்ற தன் வலிமையால் அன்று. மணமுறிவு வேளையில் அதை நியாயமானது என நீதிபதி ஏற்பதாலேயே நிற்கிறது. இறப்பை முன்னிட்டு எழுதியதை எளிதில் ஏற்ற சட்டம், பிரிவை முன்னிட்டு எழுதியதை இன்றும் தன் துலாக்கோலில் நிறுத்த பின்னரே ஏற்கிறது.