மாநில சுயாட்சி

ஒன்றியத்தில் குவிந்துள்ள அதிகாரங்களை மாநிலங்களுக்குப் பகிரக் கோரும் அரசியல் கோட்பாடு மாநில சுயாட்சி. 1969இல் கருணாநிதி அரசு அமைத்த இராஜமன்னார் குழு, 1971இல் அளித்த அறிக்கையில் அரசமைப்பின் 356ஆம் உறுப்பை நீக்கப் பரிந்துரைத்தது. 1974 ஏப்ரலில் சட்டமன்றம் சுயாட்சித் தீர்மானத்தை நிறைவேற்றியது. (புதுக்கோட்டை தனி மாவட்டமானதும் அவ்வாண்டு சனவரியில்தான்.) 1976இல் அதே உறுப்பின்கீழ் அவ்வரசு கலைக்கப்பட்டது.

கோரிக்கை நியாயமானதே. ஆனால் சென்னைக்கு வரும் அதிகாரம் சேரிவரை செல்கிறதா? ஸ்லோவாக்கியாவில் அந்திரேய் ஹிலிங்கா தலைமை தாங்கிய கட்சி, அவர் மறைந்த 1938இலேயே சுயாட்சி பெற்றது. 1942இல் அக்கட்சியின் ஆட்சி யூதர்களை நாஜிகளிடம் ஒப்படைத்தது.

இங்கே காவல்துறையும் உள்ளாட்சியும் ஏற்கெனவே மாநிலப் பட்டியலில் உள்ளவை. எனினும், 2022 டிசம்பரில் வேங்கைவயல் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட வழக்கில், மாநிலக் காவல்துறையின் குற்றப்பத்திரிகை 2025இல் தலித் இளைஞர் மூவரையே குற்றஞ்சாட்டியபோது, சுயாட்சியை ஆதரிக்கும் விடுதலைச் சிறுத்தைகள் கட்சியே ஒன்றியத்தின் சிபிஐ விசாரணையைக் கோர நேர்ந்தது.