பிந்தி வந்த கதை

நமது சிறுசஞ்சிகைகளின் வரலாற்றை, வெளிவந்த இதழ்களை வைத்தே எழுதுகிறோம். ஆக்கங்கள் வந்த திகதிகளைக் குறித்துவைத்த கொப்பிகளை யாரும் தேடுவதில்லை. முன்பு நான் கொழும்பில் நடத்திய ஒரு சஞ்சிகையின் கொப்பி அண்மையில் கைக்கு அகப்பட்டது.

யாழ்ப்பாணம் சோனகத் தெருவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர், 1990இல் சிறுகதையொன்றைத் திருத்தித் தருவதாகச் சொல்லியிருந்தார். ஜூனில் போர் மீண்டும் மூண்டு தபால் தடுமாறிய காலம். ஒக்டோபர் 25 தவணை. கதை வரவில்லை. "பொறுப்பில்லாத மனுசன், இனிக் கேட்பதில்லை" என்று சிவப்பு மையால் எழுதிவிட்டு, வேறொரு கதையைப் போட்டேன்.

அந்த 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். இரண்டு மணித்தியால அவகாசந்தான். வடக்கு முழுவதிலுமிருந்து சுமார் 75,000 பேர் வீடு வாசலை விட்டுப் போனார்கள்.

அடுத்த வருடம் புத்தளத்து அகதி முகாமிலிருந்து ஒரு கடிதம் வந்தது. "நானா, கதை வீட்டோட போயிட்டுது. ஞாபகத்தில இருந்ததைத் திரும்ப எழுதியிருக்கிறன். பிந்தினதுக்கு மன்னியுங்கோ." மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான்.

கதையை அடுத்த இதழிலேயே போட்டோம். அதன்பின் பிந்திய ஒவ்வொரு ஆக்கத்துக்கும் நேரே "ஏன்?" என்றொரு நிரல் கோடிட்டேன். கைவிடுமுன் ஒருதடவை விசாரித்து எழுதுவதும் வழக்கமாயிற்று.

சிவப்பு வரியை நான் வெட்டவில்லை; அதுவும் வரலாறுதான். உங்கள் வீட்டிலும் இப்படிக் கொப்பிகள் இருந்தால், பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள்.