சங்குக் கடையும் ஓலைக் கடையும்

முகூர்த்தம் இல்லாத நாட்களில் சென்னை தி.நகர் மண்டபங்கள் சும்மா கிடப்பதில்லை. ‘கண்காட்சி விற்பனை, மூன்று நாள் மட்டும்’ என்று பேனர் ஏறிவிடும். எல்டாம்ஸ் சாலை சி.பி. ஆர்ட் சென்டரிலும் இதே சங்கதிதான், கொஞ்சம் நாசூக்காக. கடலோரக் கைவினை என்று தலைப்பு வைத்தால் பெரும்பாலும் இரண்டு கடைகளைப் பார்க்கலாம். ஒன்று ராமேஸ்வரம் பக்கத்துச் சங்கும் சிப்பியும். இன்னொன்று தூத்துக்குடி மாவட்டம் மணப்பாட்டின் பனையோலைப் பெட்டி. கூட்டம் முதலில் மொய்ப்பது சங்குக் கடையை. எனக்கென்னவோ, கரையின் மண் அதிகம் ஒட்டியிருப்பது ஓலையில்தான் என்று படுகிறது.

சங்கைக் குறைத்துச் சொல்லவில்லை. அதன் பழமைக்கு ஓலை பக்கத்தில் நிற்க முடியாது. கொற்கை அகழாய்வில் அறுத்த சங்கும் வளையல் துண்டுகளும் கிடைத்திருக்கின்றன. பிற்காலத்தில் மன்னார் வளைகுடாச் சங்கு மூட்டை மூட்டையாக வங்காளம் போனது. அங்கே கல்யாணமான இந்துப் பெண்ணின் கையில் சங்கு வளை கட்டாயம். சென்னை மாகாண மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1914-இல் இந்தச் சங்கைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். அந்நாளில் குளித்தெடுத்த சங்கை ஒரு வளையத்தில் இட்டுப் பார்ப்பார்கள். உள்ளே நுழைந்துவிட்டால் சிறுசு, திரும்பக் கடலில் விட வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் அறுத்து, அரம் போட்டு, பூ வேலை செய்த கை பெரும்பாலும் டாக்காவிலும் விஷ்ணுப்பூரிலும் இருந்தது. நாம் சரக்கு அனுப்பினோம்.

இன்றைய கடையில் அந்த வேலைப்பாட்டையும் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. கடலிலிருந்து வரும் சங்கின் மேல் பழுப்புத் தோல் படர்ந்திருக்கும். அமிலத்தில் போட்டு அதைக் கழற்றி மெருகேற்றினால்தான் நாம் பார்க்கும் பால் வெள்ளை. அதுவரை சரி. அதற்கு மேல் சிப்பி மயில், சிப்பிப் பிள்ளையார், உள்ளே பல்பு வைத்த விளக்கு என்று எல்லாமே பசை போட்டு ஒட்டியவை. தும்பிக்கை வளையும் இடத்தில் காய்ந்த பசைக் குமிழ் அப்படியே தெரியும்.

எந்தக் கடலின் சிப்பி என்பது அடுத்த கேள்வி. வலம்புரி என்று விலை சொல்லப்படுபவற்றில் பல, அமெரிக்காவின் மெக்சிகோ வளைகுடாப் பக்கம் கிடைக்கும் வேறொரு நத்தையின் ஓடு. அதற்கு இயல்பிலேயே வலம்புரிச் சுற்றுதான். வாய்க்குள் விரலை விட்டு நடுத்தண்டைத் தடவினால் குட்டு வெளிப்படும்: நம் சங்கில் மூன்று நான்கு மடிப்புகள் கையில் தட்டுப்படும், அதில் வழவழவென்று இருக்கும். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 2001-இல் பல சிப்பியினங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. பவளப்பாறைத் துண்டும் வாங்கக் கூடாத சரக்கு. விற்பவரிடம் விசாரித்தால் பலருக்கு முகம் கோணுகிறது. கேட்பதில் தப்பில்லை.

ஓலைக் கடையில் கடலைக் காட்டும் சாமான் ஒன்றுகூட இருக்காது. மீன் உருவம் இல்லை, அலைக் கோலம் இல்லை. மணப்பாடு மீனவர் ஊர். பின்னுகிறவர்கள் பெண்கள், அவர்களுக்கென்று கூட்டுறவுச் சங்கம் உண்டு. சுற்றியுள்ள தேரி மணலில் வேறு மரம் பிழைப்பதே பாடு, பனை மட்டும் நிமிர்ந்து நிற்கும். பக்கத்து உடன்குடியில் கருப்பட்டி. திருச்செந்தூர் போய் வந்தவர்கள் சில்லுக்கருப்பட்டி வாங்கி வந்த பெட்டியும் இதே ஓலைதான்.

மூடி போட்ட பெட்டி ஒன்றைத் திறந்து உள்பக்கம் பாருங்கள். உள்ளே சாயமில்லாத ஓர் அடுக்கு, வெளியே ஊதாவும் பச்சையுமாக இன்னோர் அடுக்கு. ஓலை முனை எங்கே முடிகிறது என்று தேடினாலும் அகப்படாது. ஒவ்வொன்றும் அடுத்த பின்னலுக்குள் செருகியிருக்கும். பசையும் ஆணியும் கிடையாது. இதற்கு விரியாத குருத்து வேண்டும். ஆள் ஏறி வெட்டி இறக்கி, வெயிலில் வெளுக்கவிட்டு, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் கிழித்து, கொதிக்கும் சாயத்தில் முக்கி, லேசான ஈரத்தோடு பின்ன வேண்டும். ஒரு மரத்தில் குருத்தை அடிக்கடி வெட்டவும் கூடாது, மரம் நலிந்துவிடும். ஆட்சியர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. ஏறுவதற்கு ஆள் குறைந்துகொண்டே வருவதை எந்த அறிவிப்பு சரிசெய்யும்?

“ஏம்மா, இதைக் கழுவலாமா?” என்பது மாம்பலத்துக் கேள்வி. “தொடச்சா போதும்க்கா, வெயில்ல வச்சிருங்க” என்று பதில் வரும்.

மூன்று நாள் சந்தை என்ற ஏற்பாடு சங்குக் கடைக்கு அளவெடுத்துத் தைத்தது. பார்த்தார்கள், பிடித்தது, பொட்டலம் கட்டினார்கள், முடிந்தது. ஓலைக்காரர்களுக்கு அந்த மூன்று நாள் வெறும் முன்னுரை. 2019 ஜனவரி 1-இல் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்த பிறகு தாம்பூலத்துக்கு ஓலைப்பெட்டி கேட்பவர்கள் தி.நகரில் உண்டு. சங்குக் கடையில் இருநூறு உருப்படி கேட்டால் மூட்டையைப் பிரித்து எண்ணிக் கொடுக்கலாம். ஓலைக் கடையில் இருநூறு என்றால் முதலில் முகூர்த்தத் தேதியைச் சொல்லியாக வேண்டும். தென்கரையில் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓலை சரியாகக் காயாது, காய்ந்த ஓலையிலும் பூஞ்சை பிடிக்கும். ஐப்பசிக் கல்யாணம் என்றால் ஆடி முடிவதற்குள் சொல்லி வைத்துவிடுவது நல்லது.