உலையைச் சுமந்த பேருந்துகள்

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் சென்னை மாகாணத்துச் சாலைகளில் ‘கரி பஸ்’ என்ற பெயரோடு ஓடிய பேருந்துகள், மோட்டார் வாகனங்களுக்கு வாயுவை எரிபொருளாகத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் அண்மைக்காலத்தில் தோன்றியதன்று என்பதற்குச் சான்றாக நிற்கின்றன. பிரான்சில் 1860இல் எத்தியேன் லெனுவார் உருவாக்கிய உள்ளெரி எஞ்சினே தெருவிளக்குகளுக்குப் பயன்பட்ட நிலக்கரி வாயுவில்தான் இயங்கியது. பெட்ரோல் அதற்குப் பின்னரே வந்து, சிறிய தொட்டியில் நெடுந்தூரம் செல்லும் வசதியால் வாயுவைப் பின்னுக்குத் தள்ளியது.

அந்த வசதி 1942 மார்ச்சில் குலைந்தது. ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போகும் தறுவாயில், அந்நகரை அடுத்த சிரியம் சுத்திகரிப்பு நிலையத்தை ஆங்கிலேயரே தகர்த்துவிட்டுப் பின்வாங்கியதால், பர்மா எண்ணெயை நம்பியிருந்த இந்தியாவில் பெட்ரோல் தட்டுப்பாடு மேலும் கடுமையாயிற்று. மதுரையில் பேருந்துத் தொழிலை வளர்த்த டி. வி. சுந்தரம் ஐயங்கார், வண்டிகள் நின்றுபோகாமலிருக்க ‘டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட்’ எனப்பட்ட வாயுக் கலனை வடிவமைத்துத் தயாரித்தது இந்தச் சூழலில்தான்.

இத்தகைய வண்டிகளில் நிமிர்ந்த இரும்பு உருளை ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அதன் மூடியைத் திறந்து மரக்கரியைக் கொட்டி அடியில் தீ மூட்டியபின், கரி கனன்று வரும்வரை கிளீனர் கைப்பிடியைப் பிடித்து ஊதுவிசிறியைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். போதிய காற்றின்றி எரியும் கரியிலிருந்து எழும் கார்பன் டை ஆக்சைடு, செந்தணலின் ஊடே செல்கையில் கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. எரியக்கூடிய அந்த வாயுவும் ஈரப்பதத்திலிருந்து பிரியும் ஹைட்ரஜனும் சேர்ந்த கலவையே கரிவாயு. தூசு நீங்க வடிகட்டியிலும், சூடு தணியக் குழாய்களிலும் புகுந்து வந்த பிறகே அது எஞ்சினை அடையும். அதில் ஏறத்தாழப் பாதி எரியாத நைட்ரஜன் என்பதால், பெட்ரோலில் கிடைத்த வலுவில் மூன்றிலொரு பங்கோ அதற்கு மேலோ குறைந்துவிடும். மேட்டில் ஏறும்போது அந்தக் குறை வெளிப்படையாகத் தெரியும்.

ஐரோப்பாவில் இந்த நுட்பம் இன்னும் விரிவாகப் பரவியது. அல்சேஸ் பகுதியைச் சேர்ந்த வேதியியலாளர் ஜார்ஜ் இம்பேர் 1920களில் செப்பனிட்ட உலையில், வாயு மேலே எழாமல் கீழ்நோக்கித் தணலினூடே இழுக்கப்பட்டதால் விறகின் தார்ப்பிசின் அங்கேயே சிதைந்தது. கரியாக்காத மரத்துண்டுகளையே வண்டிக்கு இட முடிந்தது இதனால்தான். போர்க்காலத்தில் ஸ்வீடனில் ஏறத்தாழ 70,000 வாகனங்களும், ஜெர்மனியில் சுமார் 5,00,000 வாகனங்களும் வாயுக் கலன்களோடு ஓடின. ஒரு லிட்டர் பெட்ரோலின் வேலையைச் செய்யச் சுமார் மூன்று கிலோ விறகு தேவைப்பட்டது.

போர் முடிந்து பெட்ரோல் திரும்பியதும் இந்த உலைகள் மிக விரைவாகக் கழற்றப்பட்டதற்கு வலுக்குறைவை மட்டும் காரணமாகச் சொல்வது போதாது. எண்ணெய்க்குச் சுத்திகரிப்பு நிலையம் செய்யும் வேலையைக் கரி பஸ் தன் முதுகிலேயே சுமந்தது. அந்த வேலை முழுவதும் கூலி குறைந்த கிளீனரின் தோளில் இறங்கியது. சாம்பலை வாரியவரும், புகைக்கரி படிந்த வடிகட்டியைக் கழுவியவரும், மணமோ நிறமோ இல்லாத கார்பன் மோனாக்சைடின் நச்சுக்கு அருகில் நாள்தோறும் நின்றவரும் அவரே. அந்த வாயு, ஆக்சிஜனைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளக்கூடியது. கரி பஸ்ஸின் வரலாற்றை எழுதுவோர் பொறியாளரின் பெயரோடு இந்தப் பெயரற்ற தொழிலாளியையும் குறிப்பிடுவதே நேர்மை.

வாயு மீண்டும் இந்தியச் சாலைகளுக்குப் பெரிய அளவில் வந்தபோது உலை வண்டியில் இல்லை. நகரப் பேருந்துகள் அனைத்தும் அழுத்தப்பட்ட இயற்கை வாயுவுக்கு, அதாவது சி.என்.ஜி.க்கு மாற வேண்டுமென 1998இல் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணைப்படி டில்லி அந்த எரிபொருளை ஏற்றது; எரிவாயு வயலிலிருந்து குழாய்வழி வரும் மீத்தேனை நிலையத்திலேயே சுமார் 200 பார் அழுத்தத்துக்குச் சுருக்கி உருளையில் நிரப்பினர். காற்றில் கரும்புகை குறைந்தது பெரும் நன்மை. ஆயினும் நிரப்பு நிலையங்கள் போதாத அந்தத் தொடக்க ஆண்டுகளில், ஓட்டிச் சம்பாதிக்க வேண்டிய நேரத்தை வரிசையில் மணிக்கணக்கில் இழந்து நின்றவர்கள் ஆட்டோ ஓட்டுநர்கள்.