காபந்து மேனேஜரும் எட்டு வெற்றிகளும்

போன பதிவில் ஜி.எஸ்.டி. பற்றி எழுதி பாதிப் பேரைத் தூங்க வைத்துவிட்டேன் என்று வகுப்பில் ஒரே புகார். அதனால் இந்த முறை கால்பந்து வரலாறு. கால்பந்து பிடிக்காதவர்களும் தைரியமாகப் படிக்கலாம். நடுவில் கொஞ்சம் ஸ்டாடிஸ்டிக்ஸ் வரும்... ஓடாதீங்க.

ஆட்சி கவிழ்ந்தால் அடுத்த ஏற்பாடு வரைக்கும் ஒரு "காபந்து சர்க்கார்" இருக்கும் என்று பேப்பரில் படித்திருப்பீர்கள். கால்பந்து கிளப்களிலும் அப்படி ஒருத்தர் உண்டு. மேனேஜரை வேலையை விட்டுத் தூக்கியதும், புது ஆள் கிடைக்கும் வரை அணியைப் பார்த்துக்கொள்ள ஒருவரை உட்கார வைப்பார்கள். கேர்டேக்கர் மேனேஜர். அவர் வந்து நாலு மேட்ச் ஜெயித்துவிட்டால் போதும், ரசிகர்கள் படுத்தும் பாடு இருக்கிறதே! நானும் அதில் ஒருத்தன் என்பதால்தான் இந்தக் கட்டுரை.

2018 டிசம்பர் 16. லிவர்பூலின் சொந்த மைதானத்தில் மான்செஸ்டர் யுனைடெட் 3-1 என்று தோற்றது. அதுவரை 17 லீக் ஆட்டங்களில் 26 புள்ளிகள், ஆறாவது இடம், முதலிடத்தில் இருந்த லிவர்பூலை விட 19 புள்ளி பின்னால். வாங்கிய கோல்கள் 29. அதற்கு முந்தைய சீசன் முழுவதும் (38 ஆட்டங்கள்) வாங்கியதே 28 தான்! கிளப் மிகப்பெரிய விலை கொடுத்து வாங்கிய போக்பா, அன்று முழு நேரமும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இரண்டு நாள் கழித்து மேனேஜர் ஜோசே மொரின்யோவின் வேலை போனது. அவருக்கும் அவருடைய உதவியாளர்களுக்கும் கொடுத்த நஷ்ட ஈடு 1.96 கோடி பவுண்டு என்று கிளப்பின் கணக்கிலேயே வந்தது. (காமர்ஸ் பையன் என்பதால் இந்த வரி கண்ணில் படாமல் போகாது.)

டிசம்பர் 19 அன்று சீசன் முடியும் வரைக்கும் என்று சொல்லி ஒருவரைக் கூட்டி வந்தார்கள். ஓலே குன்னார் சோல்ஷர், நார்வேக்காரர். அங்கே மோல்டே என்ற கிளப்பில் மேனேஜராக இருந்தவரை கிட்டத்தட்ட டெபுடேஷனில் வாங்கி வந்த மாதிரி. மேனேஜராக அவருடைய இங்கிலாந்து ரெக்கார்டு ரொம்ப சுமார். 2014-ல் கார்டிஃப் சிட்டியை எடுத்து நடத்தினார், அந்த அணி அந்த சீசனிலேயே பிரீமியர் லீக்கை விட்டுக் கீழே இறங்கியது.

ஆனால் யுனைடெட் ரசிகனுக்கு அவர் வேறு ஆள். 1999 சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டியில், பார்சிலோனா நகரில், பேயர்ன் மியூனிக்குக்கு எதிராக 93-வது நிமிடத்தில் காலை நீட்டிக் கோப்பையை வாங்கிக் கொடுத்தவர். அதே வருடம் பிப்ரவரியில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுடன் கடைசி இருபது நிமிடத்துக்கு மட்டும் இறங்கி நாலு கோல் போட்டவர். ஓல்ட் டிராஃபோர்ட் கேலரியில் அவருடைய 20 என்ற எண்ணை வைத்தே ஒரு பேனர் தொங்கும்.

முதல் ஆட்டம் டிசம்பர் 22. எங்கே தெரியுமா? அதே கார்டிஃப்! 5-1. லீக்கில் யுனைடெட் ஒரே ஆட்டத்தில் ஐந்து கோல் போட்டது 2013 மே மாதத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. அந்த மே மாத ஆட்டம் அலெக்ஸ் ஃபெர்குசனின் கடைசி ஆட்டம். நடுவில் ஐந்தரை வருடம்!

அப்புறம் ஹடர்ஸ்ஃபீல்ட் 3-1, போர்ன்மத் 4-1, நியூகாசில், ரெடிங், டாட்டன்ஹாம், பிரைட்டன், ஆர்சனல்... வரிசையாக எட்டு வெற்றி. 1946-ல் மேட் பஸ்பி முதல் ஐந்து ஆட்டங்களை ஜெயித்து ஆரம்பித்ததுதான் கிளப்பின் பெரிய சாதனையாக இருந்தது. அதையும் தாண்டியாயிற்று. மான்செஸ்டர் ஊர் பாண்டான ஸ்டோன் ரோஸஸின் ஒரு மெட்டை எடுத்து, ஓலே கையில் ஸ்டியரிங் இருக்கிறது என்கிற மாதிரி ரசிகர்கள் ஒரு பாட்டு கட்டினார்கள். எந்த ஊருக்கு அணி போனாலும் அந்தப் பாட்டுதான்.

எல்லோரும் ஆடினார்கள் என்று சொல்ல மாட்டேன். மே வரைக்கும் பொறுங்கப்பா என்றவர்களும் இருந்தார்கள். டாட்டன்ஹாமுடன் 1-0 ஜெயித்தபோது கோல்கீப்பர் டி ஹேயா 11 பந்துகளைத் தடுத்தார், அதில் இரண்டு உள்ளே போயிருந்தால் கதை வேறு. அன்று எதிர்ப்பக்கம் நின்ற மேனேஜர் போச்செட்டினோ. சீசன் முடிந்ததும் யுனைடெட்டுக்கு வரப்போகிறவர் அவர்தான் என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்தன. அந்த ஒரு ஆட்டத்தோடு அவர் பேரை நிறைய ரசிகர்கள் மறந்தே போனார்கள்.

பிறகு பாரிஸ். சொந்த ஊரில் 0-2 தோற்றுவிட்டு, மார்ச் 6 அன்று பத்து வீரர்கள் இல்லாமல் பி.எஸ்.ஜி.யின் மைதானத்துக்குப் போனார்கள். போக்பாவுக்கு சஸ்பென்ஷன். லுகாகு இரண்டு கோல். 94-வது நிமிடத்தில் வீடியோ ரெஃப்ரி பார்த்துக் கொடுத்த பெனால்டியை ராஷ்ஃபோர்ட் அடித்தார். 3-1, வெளியூர் கோல் கணக்கில் யுனைடெட் உள்ளே! சாம்பியன்ஸ் லீக் நாக்-அவுட்டில் சொந்த மண்ணில் 0-2 தோற்ற அணி அப்படித் திரும்பி வந்தது அதுவரை கிடையாது.

நான் அப்போது எட்டாவது. நம்மூரில் மணி ராத்திரி ஒன்றரைக்கு ஆரம்பித்த ஆட்டம். அப்பா எழுந்துவிடுவாரே என்று டிவி சத்தத்தை மொத்தமாகக் குறைத்துவிட்டு நானும் அண்ணனும் பார்த்தோம். பெனால்டி உள்ளே போனதும் நான் தலையணையை வாயில் வைத்துக்கொண்டு கத்தினேன். அண்ணன் மட்டும் "இவன நிரந்தரமாப் போட்டா அடுத்த மாசமே அழுவடா" என்றான். பரோட்டா பந்தயம் கட்டினோம். அந்த இரவு டிவியில் முன்னாள் வீரர் ரியோ ஃபெர்டினாண்ட், ஒப்பந்தத்தை மேசையில் வையுங்கள், தொகையை அவரே எழுதிக்கொள்ளட்டும் என்ற தொனியில் பேசினார். சரிதானே என்றுதான் எனக்கும் பட்டது.

அடுத்து ஆர்சனலிடம் ஒரு தோல்வி, எஃப்.ஏ. கோப்பையில் வுல்வ்ஸிடம் ஒரு தோல்வி. சீசன் முடிந்துதான் முடிவு என்று சொன்ன கிளப், மார்ச் 28 அன்று மூன்று வருட ஒப்பந்தம் கொடுத்தது. காபந்தாக 19 ஆட்டத்தில் 14 வெற்றி. நிரந்தரமான பிறகு அந்த சீசனில் மீதி இருந்த 10 ஆட்டத்தில் 2 வெற்றி. எவர்ட்டனிடம் 0-4 வேறு!

இப்போது நம் பிசினஸ் ஸ்டாடிஸ்டிக்ஸ் பேப்பர். ரிக்ரெஷன் என்ற பெயர் எங்கிருந்து வந்தது? 19-ம் நூற்றாண்டில் கால்டன் என்பவர் பெற்றோர், பிள்ளைகளின் உயரத்தை அளந்தார். ரொம்ப உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரிப் பக்கம் இறங்கி வருகிறார்கள், ரொம்பக் குள்ளமானவர்களின் பிள்ளைகள் சராசரிப் பக்கம் ஏறுகிறார்கள். மேனேஜரை எப்போது தூக்குவார்கள்? அணி அதலபாதாளத்தில் இருக்கும்போது. அங்கிருந்து யார் வந்தாலும் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். நெதர்லாந்தின் பாஸ் டெர் வீல் என்ற பொருளாதார ஆய்வாளர் 1986 முதல் 2004 வரையிலான டச்சு லீக் கணக்கை எடுத்துப் பார்த்தார். மேனேஜரைத் தூக்கிய கிளப்களும், அதே அளவு சரிந்தும் தூக்காமல் விட்ட கிளப்களும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் மீண்டிருந்தன.

யுனைடெட் கதையில் இதற்கு டச்சு லீக்குக்கெல்லாம் போகவே வேண்டாம். டிசம்பரில் 5-1, 3-1 என்று ஜெயித்தார்களே, கார்டிஃப், ஹடர்ஸ்ஃபீல்ட், இரண்டு அணிகளுமே அந்த சீசனில் லீக்கை விட்டு இறங்கிய அணிகள். மே மாதம் அதே இரண்டு பேருடன் மறுபடி ஆட்டம். இருவரும் ஏற்கெனவே இறங்குவது உறுதியானவர்கள், விளையாட ஒன்றுமே இல்லை. ஹடர்ஸ்ஃபீல்டுடன் 1-1. கடைசி நாள், மே 12, ஓல்ட் டிராஃபோர்டில் கார்டிஃப் 2-0 ஜெயித்துவிட்டுப் போனது! மொரின்யோ போனபோது யுனைடெட் ஆறாவது இடம். சீசன் முடிந்தபோதும் ஆறாவது இடம்.

சரி, ரசிகர்கள் முட்டாள்களா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்கள் பாடியது வந்தவருக்காக என்பதை விட, போனவர் போய்விட்டார் என்பதற்காக. செல்சியைப் பாருங்கள். 2012 மார்ச்சில் காபந்தாக வந்த டி மாட்டேயோ இரண்டே மாதத்தில் எஃப்.ஏ. கோப்பை, சாம்பியன்ஸ் லீக் இரண்டையும் வென்றார். ஜூனில் நிரந்தரம், நவம்பரில் வேலை காலி! அடுத்து இடைக்கால மேனேஜராக வந்தவர் பெனிடெஸ். முதல் நாளே சொந்த ரசிகர்கள் கூச்சல் போட்டு விரட்டினார்கள். அதோடு விடாமல் ஒவ்வொரு ஆட்டத்திலும் 16-வது நிமிடத்தில் டி மாட்டேயோ பெயரைச் சொல்லிப் பாடினார்கள் (16 அவர் போட்டிருந்த சட்டை எண்). பெனிடெஸ் யூரோபா லீக் கோப்பையையே வாங்கிக் கொடுத்தார், அப்போதும் அவருக்கென்று யாரும் பாட்டு கட்டவில்லை. ஒருவருக்கு எட்டு வெற்றியே போதுமாக இருந்தது, இன்னொருவருக்குக் கோப்பையும் போதவில்லை.

மூன்று வருடம் மூச்சு முட்டிக் கிடந்தவன் ஜன்னலைத் திறந்ததும் பாடத்தான் செய்வான். அந்தப் பாட்டை ஆடிட் ரிப்போர்ட் மாதிரி எடுத்துக்கொண்டு, மேயில் எடுக்க வேண்டிய முடிவை மார்ச்சிலேயே எடுத்த நிர்வாகத்தின் மேல்தான் எனக்குக் கோபம். நியூயார்க் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பெனி அது!

சோல்ஷருக்கும் நியாயம் சொல்ல வேண்டும். 2020-21-ல் லீக்கில் இரண்டாம் இடம் வந்தார். யூரோபா லீக் இறுதியில் வியாரியாலிடம் பெனால்டி ஷூட்-அவுட்டில் 11-10 என்று தோற்றார். 2021 நவம்பரில் வாட்ஃபோர்டிடம் 4-1 தோற்ற மறுநாள் அவரையும் அனுப்பிவிட்டார்கள். போவதற்கு முன் கிளப் டிவியிலேயே பேட்டி கொடுத்தார். பேசும்போது கண் கலங்கிவிட்டது. வேலையை விட்டுத் தூக்கிய கம்பெனியின் டிவியில் உட்கார்ந்து யாராவது பேட்டி கொடுப்பார்களா? அந்தப் பேட்டியை நான் இரண்டு தடவை பார்த்தேன். அண்ணனும் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை.

பி.கு.: பரோட்டா பந்தயம் இன்னும் செட்டில் ஆகவில்லை. இரண்டாம் இடம் வந்தாரே என்பது என் வாதம். அண்ணன் வட்டியோடு கேட்கிறான்.