கணக்கில் வராத புல்

தோட்டத்தை மூடினால் தொழிலாளிக்கு எவ்வளவு தர வேண்டும் என்பதற்கு மலேசியாவில் 1980-ஆம் ஆண்டு விதிமுறை ஒன்று உண்டு. இரண்டாண்டுக்குக் குறைவாக வேலை செய்திருந்தால் ஆண்டுக்கு 10 நாள் சம்பளம், ஐந்தாண்டுக்குள் என்றால் 15 நாள், அதற்கு மேல் 20 நாள். பேராக்கில் பால்மரக் காடுகள் செம்பனையாகவும் தாமான்களாகவும் மாறியபோது பல குடும்பங்கள் இந்தக் கணக்கோடுதான் வெளியேறின. அதில் மாடு வராது.

மாட்டின் விலையை நான் சொல்லவில்லை. மாட்டை வித்துடலாம், நிறைய பேர் வித்தாங்க. நான் சொல்வது மரத்தடியில் காசில்லாமல் கிடைத்த புல்லை. என் பாட்டி சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் மாடு வளர்த்தவர். மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது, அன்றைய சம்பளம் அடிபடும். மரம் இலை உதிர்க்கும் மாதங்களில் பாலும் குறையும். அப்போது வீட்டை ஓட்டியது மாட்டுப்பால் காசுதான். "சம்பளம் சோத்துக்கு, மாடு ஆபத்துக்கு" என்பார். பிறகு அந்தத் தோட்டத்தில் செம்பனை வந்தது. இளங்கன்றுகளின் குருத்தை மாடு கடிக்கும் என்று மாடு வளர்க்கத் தடை போட்டார்கள்.

இதை நினைக்கும்போதெல்லாம் கென்யாவின் மசாய் மாரா ஞாபகத்துக்கு வரும். அங்கே மசாய் மக்களின் பொது மேய்ச்சல் நிலம் முதலில் தனித்தனிப் பட்டாவாகப் பிரிக்கப்பட்டது. பிறகு 2000-களின் நடுவிலிருந்து, சுற்றுலா நிறுவனங்கள் அந்த நிலங்களைக் குத்தகைக்கு எடுத்து வனவிலங்குக் காப்பகங்கள் ஆக்கின. 2006-இல் தொடங்கிய ஓலாரே ஓரோக் அவற்றில் ஒன்று. நிலத்தின் அளவுக்கு ஏற்ப மாதாமாதம் பணம் வரும். பதிலுக்குக் குடியிருப்பை அகற்ற வேண்டும், மேய்ச்சலைக் குறைக்க வேண்டும்.

சாதாரண ஆண்டுகளில் இது நல்ல ஏற்பாடு. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு மாட்டை விற்க வேண்டியதில்லை. வறட்சியில்தான் சிக்கல். மழை பொய்த்தால் மேய்ப்பவர் முதலில் செய்வது இடம் பெயர்வது. எங்கே புல் மிச்சமிருக்கிறதோ அங்கே போவார். அந்த மிச்சப் புல் இப்போது காப்பகத்துக்குள் இருக்கிறது. கையில் பணம் இருக்கலாம். ஆனால் எல்லாரும் ஒரே நேரத்தில் மெலிந்த மாட்டை விற்கும்போது மாட்டு விலை விழுகிறது, தானிய விலை ஏறுகிறது. 1970-களில் எத்தியோப்பியாவின் மேய்ப்பர்களை இந்த விலைமாற்றம் எப்படிப் பட்டினியில் தள்ளியது என்பதை அமர்த்திய சென் 1981-இல் வந்த நூலில் விளக்கியிருக்கிறார். மாதப் பணம் அதே தொகைதான், அதன் பலம்தான் குறைகிறது. புல்லுக்கான உரிமையோ அந்த நேரத்தில்தான் மதிப்பு கூடுகிறது. ஒன்றை வாங்கிக்கொண்டு மற்றதைக் கொடுப்பது சமமான மாற்று இல்லை.

பட்டா யார் பேரில் இருக்கிறதோ அவருக்குத்தான் பணம். பெரும்பாலும் ஆண்கள். நிலமில்லாதவருக்கும் பெண்களுக்கும் மேய்ச்சல் போனது மட்டுமே மிச்சம். 2020-இல் கோவிட் வந்து சுற்றுலா நின்றபோது பல காப்பகங்களில் அந்தப் பணமும் குறைந்தது.

நம் முன்னோர் கப்பலேறிய மதராஸ் மாகாணத்திலும் இந்தக் கதை உண்டு. 1876-78 பஞ்சத்துக்குச் சில ஆண்டுகள் கழித்து, 1882-இல் மதராஸ் வனச் சட்டம் வந்தது. ஒதுக்கப்பட்ட காடுகளில் மேய்க்க அனுமதியும் கட்டணமும் தேவைப்பட்டன. இங்கே பணம் கொடுத்தவரே மேய்ப்பவர்! 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடுகள் முழுவதிலும் மேய்ச்சலுக்குத் தடை விதித்து, பிறகு அதைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகங்களுக்கு மட்டும் என்று சுருக்கியது. தேனி மலைமாடுகளும் பர்கூர் மாடுகளும் வளர்ப்பவர்களுக்கு அந்தக் காடுகள்தான் கோடைக்காலக் கையிருப்பு.

காட்டைக் காப்பதற்கோ அதற்குப் பணம் தருவதற்கோ நான் எதிரியில்லை. ஒப்பந்தம் எழுதும்போதே இரண்டு விஷயம் இருக்க வேண்டும் என்கிறேன்: மழை பொய்த்த ஆண்டில் எந்தப் பகுதி, எத்தனை மாட்டுக்கு, எத்தனை நாள் திறக்கப்படும், பட்டா இல்லாத மேய்ப்பருக்கு என்ன பங்கு. மாராவில் சில காப்பகங்கள் கட்டுப்பாட்டோடு மேய்ச்சலை அனுமதிக்கின்றன, ஆக முடியாத காரியமில்லை. மலேசியாவிலேயே பிற்பாடு அரசாங்கம் செம்பனைக்கு அடியில் மாடு வளர்ப்பதை ஊக்குவித்தது. மரம் வளர்ந்துவிட்டால் மாடு களையைத் தின்னும், களைக்கொல்லிச் செலவு மிச்சம் என்றார்கள். அதைச் சொல்வதற்குள் தோட்டத்து மாட்டுக்காரர்கள் மாட்டை விற்றுவிட்டுத் தாமானுக்குப் போய்விட்டார்கள்.