காசு முந்தியது, ஆட்டம் பிந்தியது: கிழக்கு லண்டன் பேஸ்பால் லீகுகள், 1890–1937

புடவை எடுக்கவும் நகை பார்க்கவும் கிரீன் தெருவுக்குப் போகும் லண்டன் தமிழர்களுக்கு அப்டன் பார்க் என்றதும் நினைவுக்கு வருவது கால்பந்துதான். 2016 மே மாதம் வரை வெஸ்ட் ஹாம் யுனைடெட் ஆடிய போலின் மைதானம் அங்கேதான் இருந்தது; இப்போது அந்த இடத்தில் அடுக்குமாடிகள் நிற்கின்றன. ஆனால் அந்த வட்டாரத்தில் பேஸ்பால் லீக் ஒன்றும் நடந்திருக்கிறது. 1890, 1906, 1936 என மூன்று முறை பிரிட்டனில் பேஸ்பால் லீகுகள் தொடங்கப்பட்டன. மூன்றும் நிலைக்கவில்லை. கிரிக்கெட் நாட்டில் பேஸ்பால் எப்படிப் பிழைக்கும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். அது போதாது, ஆட்டத்துக்கு முன்னால் காசு வந்ததே காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

காசுக்கு ஆடலாமா என்ற வழக்கிலிருந்து தொடங்க வேண்டும். அந்த வழக்கை முற்றச் செய்ததே அப்டன் பார்க் என்ற பெயர் கொண்ட கால்பந்துக் கழகம்தான். இது வெஸ்ட் ஹாம் யுனைடெட்டுக்கு முன்னோடி அல்ல. 1866இல் தொடங்கிய தனிக் கழகம், 1871–72இல் நடந்த முதல் எஃப்.ஏ. கோப்பையில் ஆடிய அணிகளில் ஒன்று. 1884 ஜனவரியில் பிரெஸ்டன் நார்த் எண்டுடன் 1–1 எனச் சமன் செய்த கையோடு, எதிரணி ஆட்டக்காரர்களுக்குக் கூலி கொடுக்கிறது என்று இக்கழகம் புகார் செய்தது. பிரெஸ்டனின் நிர்வாகி வில்லியம் சடெல் மறுக்கவில்லை, ஒப்புக்கொண்டார். பிரெஸ்டன் போட்டியிலிருந்து நீக்கப்பட்டது. எனினும் வடக்குக் கழகங்களின் நெருக்குதலில், 1885இல் சம்பள ஆட்டம் சட்டபூர்வமானது. புகார் கொடுத்த அணி அமெச்சூராகவே இருந்து, 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரெஞ்சு அணியை 4–0 என வென்றது. கூலி கொடுத்த பிரெஸ்டனோ 1888–89இல் முதல் கால்பந்து லீகைத் தோல்வியே இல்லாமல் கைப்பற்றியது.

அந்த பிரெஸ்டன்தான் அடுத்த ஆண்டே பேஸ்பாலிலும் இறங்கியது. 1889 மார்ச்சில் அமெரிக்க விளையாட்டுப் பொருள் வியாபாரி ஆல்பர்ட் ஸ்பால்டிங் தம் உலகச் சுற்றுப்பயண அணிகளைக் கென்னிங்டன் ஓவலில் ஆடவைத்தார். 1890இல் அவருடைய ஆதரவோடு டெர்பி, பிரெஸ்டன், ஆஸ்டன் வில்லா, ஸ்டோக் ஆகிய நான்கு அணிகளின் லீக் தொடங்கியது. மூன்று அணிகளின் பின்னால் கால்பந்துக் கழகங்கள் இருந்தன. டெர்பி மட்டும் வார்ப்பு ஆலை முதலாளி ஃபிரான்சிஸ் லேயின் அணி.

பருவம் பாதியிலேயே கெட்டது. டெர்பியின் அமெரிக்க ஆட்டக்காரர்கள்மீது, முக்கியமாக அதன் பிட்சர்மீது (பந்தெறிபவர்மீது), மற்ற மூன்று அணிகளும் புகார் சொன்னன. முன்னிலையில் இருந்த டெர்பி விலகியது. பட்டம் ஆஸ்டன் வில்லாவுக்குப் போனது. கால்பந்தில் சம்பளத்துக்கு வந்தவர் எவ்வளவு கெட்டிக்காரரானாலும் பதினொருவரில் ஒருவர்தான். பேஸ்பாலில் ஒவ்வொரு பந்தும் பிட்சரின் கையிலிருந்து கிளம்புகிறது. அந்த ஒருவர் மட்டும் தேர்ந்தவராக இருந்து, எதிரே மட்டையோடு நிற்பவர் நேற்றுதான் ஆட்டத்தைக் கற்றவராக இருந்தால், பந்து மட்டையில் படாது. மற்ற எட்டுப் பேரும் கை கட்டி நிற்க வேண்டியதுதான். ஆட்டம் தெரியாத ஊரில் ஒரு பிட்சரை விலைக்கு வாங்கினால் லீக்கே சாய்ந்துவிடும்.

டெர்பியின் பிற்கதை இதையே மறுபக்கத்திலிருந்து காட்டுகிறது. ஆலைத் தொழிலாளர்களுக்காக லே அமைத்த மைதானத்தில் உள்ளூர்க்காரர்கள் தொடர்ந்து ஆடினார்கள். கால்பந்தில் பேர்பெற்ற ஸ்டீவ் புளூமரும் அவர்களில் ஒருவர். 1895, 1897 ஆண்டுகளின் தேசியப் பட்டங்கள் டெர்பிக்கே. டெர்பியின் முதன்மைக் கால்பந்து அணி 1997 வரை அங்கே ஆடியது. 'பேஸ்பால் கிரவுண்ட்' என்ற பெயர் கடைசிவரை மாறவில்லை.

1906 முயற்சியை நீட்ட வேண்டியதில்லை. கோடையில் சும்மா கிடந்த கால்பந்து மைதானங்களை வைத்து லண்டன் கழகங்கள் நடத்திய லீக் அது. முதல் பட்டம் டாட்டன்ஹாமுக்கு. 1910 இறுதியாட்டத்தில் வெஸ்ட் ஹாம் பிரென்ட்ஃபர்டிடம் தோற்றது. 1911க்குப் பின் தேசியப் பட்டப் போட்டியே இருபது ஆண்டுகளுக்கு மேல் நடக்கவில்லை.

அடுத்துப் பணம் போட்டவர் லிவர்பூலின் ஜான் மூர்ஸ். லிட்டில்வுட்ஸ் கால்பந்துப் பந்தயச் சீட்டில் செல்வம் சேர்த்தவர். 1933இல் தேசிய பேஸ்பால் சங்கம் அமைத்தார். 1936இல் லண்டன் மேஜர் பேஸ்பால் லீக் வந்தது. வெஸ்ட் ஹாம், வொயிட் சிட்டி, ஹாரிங்கே, ஹாக்னி, கேட்ஃபர்ட், ராம்ஃபர்ட், ஸ்ட்ரெத்தம்–மிச்சம் என்ற பெயர்களைப் பார்த்தாலே விஷயம் விளங்கும்: பெரும்பாலும் நாய்ப் பந்தய ஓடுகளங்கள். ஓடுகள முதலாளிகளுக்கு ஆள் சேர்க்க இன்னொரு காட்சி தேவைப்பட்டது.

வெஸ்ட் ஹாம் அணி ஆடியது போலின் மைதானத்தில் அல்ல. அப்டன் பார்க்குக்குத் தெற்கே கஸ்டம் ஹவுஸில், 1928இல் திறந்த வெஸ்ட் ஹாம் ஸ்டேடியத்தில். நாய்களும் ஸ்பீட்வே மோட்டார்சைக்கிள்களும் ஓடிய வட்டத்தின் நடுவே பேஸ்பால். அணியின் நட்சத்திரம் மான்ட்ரியாலிலிருந்து வந்த ரோலண்ட் கிளாடு. 1936இல், பெர்லின் ஒலிம்பிக்கில் காட்சி ஆட்டம் ஆட வந்த அமெரிக்க அணியை வெஸ்ட் ஹாம் 5–3 என வென்றது. கிளாடு பின்னர் 1944இல் பாஸ்டன் பிரேவ்ஸுக்காக அமெரிக்க மேஜர் லீகிலேயே ஆடினார். அவ்வளவு தரமான ஆள் கப்பல் துறை மக்களுக்கு முன் ஆடியும், லீக் இரண்டு பருவங்களுக்கு மேல் ஓடவில்லை. 1938 ஆகஸ்டில் இங்கிலாந்து அமெரிக்காவை ஐந்தில் நான்கு ஆட்டங்களில் தோற்கடித்தது. பிற்பாடு முதல் உலகக் கோப்பையாக எண்ணப்பட்ட தொடர் அது. வென்ற அணியில் பெரும்பாலோர் கனடியர்கள். லிவர்பூல், ஹல், ராச்டேல், ஹாலிஃபாக்ஸ், லீட்ஸ் ஆகிய ஊர்களில் நடந்த அத்தொடரில் லண்டனுக்கு ஓர் ஆட்டமும் இல்லை.

கால்பந்தில் தெருப் பிள்ளைகள் முதலில் ஆடினார்கள், காசு பின்னால் வந்தது. கிழக்கு லண்டன் பேஸ்பாலில் காசு முதலில் வந்தது. பின்னால் பிள்ளைகள் வரவில்லை. கிரிக்கெட்தான் காரணம் என்போர் கார்டிஃபைப் பார்க்கட்டும். கிளாமோர்கன் கவுண்டி அணி கிரிக்கெட் ஆடிய அதே நகரில், தோளுக்குக் கீழிருந்து பந்தெறியும் பிரிட்டிஷ் வகை பேஸ்பால் தொழிலாளர் குடியிருப்புகளில் ஊறிக்கிடந்தது. 1908இல் தொடங்கிய இங்கிலாந்து–வேல்ஸ் பேஸ்பால் ஆட்டங்கள், உலகப் போர்களைத் தாண்டி, நூற்றாண்டுக்கு மேல் நடந்தன.